தண்ணீர் சொன்ன ஓம்

கற்பிட்டி
2024 ஒக்டோபர் 20

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஏழு கடலுக்கும் ஒரு களப்புக்கும் அதிபதியும், வெங்காயப் பாத்திகளின் பாதுஷாவும், ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டியபோது அவர்களுக்குச் சுண்ணாம்பு குழைக்கக் கற்றுக்கொடுத்தவனுமாகிய அத்தாஉல்லா, தன்னோடு கூடப்பிறந்த மர்ஹூம் நானாவின் ஒரே மகளும், கோபித்துக்கொண்டு புத்தளத்தில் பெரியும்மா மர்ளியாவின் வீட்டில் போய் இருப்பவளுமான நஸ்லியாவுக்கு எழுதிக்கொள்வது.

நீ பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டும்போது நான் முற்றத்தில் நின்று அல்லாஹ்வின்மேல் சத்தியம் செய்தேன். அந்த முசலிப் பொடியனை நீ கைவிடும்வரை உன்னோடு ஒரு வார்த்தை கதைக்கமாட்டேன் என்றேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. சத்தியம் செய்யும்போதே ஒரு பொத்தல் வைத்துச் செய்கிறவன்தான் புத்திசாலி. வட்சப்பில் எழுதலாமே என்று கேட்பாய். கோபம் கையெழுத்தில்தான் ஒழுங்காக இறங்கும் மகள். அந்தக் கண்ணாடித் தகட்டில் என் விரல் பட்டால் சிரித்த மூஞ்சிதான் போகிறது. ஆகவே பஸ் கொண்டக்டர் நிஸாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போகும்போது நீ என்ன சொன்னாய்? ‘நீங்க பிர்அவ்ன் சாச்சா. உங்கட கல்பு கல்லாப் போச்சு.’ ஒரு கிழமையாக அதைத்தான் யோசிக்கிறேன். பெரிய மரியாதைதான். அந்த எகிப்து ராஜாவுக்கு ஒரு தேசமும் ஒரு நதியும் இருந்தன. எனக்கு நாலு பாத்தியும் ஒரு கிணறும்.

அந்தக் கிணற்றைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். நீ போன மூன்றாம் நாள் தண்ணீர் சிவந்துவிட்டது. வாளியை இழுத்தால் இரத்தம். நான் மிகைப்படுத்தவில்லை, கொஞ்சம்தான். பக்கத்துக் கருவாட்டு வாடி குரூஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

‘நானா, தொடங்கிட்டுது. உங்கட வேதத்தில பார்வோனுக்கு எத்தின தண்டன?’

‘ஒரே ஆயத்தில ஐஞ்சு. வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், தவள, இரத்தம்.’

‘எங்கட வேதத்தில பத்து.’

பாரேன் மகள், இதிலும் அவர்களுக்கு இரட்டைப் பங்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொடியனின் உம்மா சுல்பா தொதல் தட்டோடு வந்து உன்னைப் பெண் கேட்டார். நான் தொதலைத் தின்றேன், பதில் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறேன். இல்லை. வாப்பா இல்லாத பெண்ணுக்கு வாப்பாவின் தம்பிதான் வலீ. நான் வந்து சபையில் உட்கார்ந்து என் வாயால் உன்னைக் கொடுக்காமல் நிக்காஹ் இல்லை. அகதி முகாமில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கு நான் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
எகிப்தும் கற்பிட்டியும் ஆளும்
உன் சாச்சா

---

புத்தளம்
2024 ஒக்டோபர் 27

வஅலைக்குமுஸ்ஸலாம் சாச்சா.

கடிதம் கிடைத்தது. நிஸார் நானா அதைக் கொடுக்கும்போது ‘உள்ளுக்க என்ன, அரச கட்டளையா’ என்று கேட்டார். உறையில் நீங்கள் வரைந்த முத்திரையைப் பார்த்திருக்கிறார்.

பிர்அவ்ன் என்று சொன்னது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வந்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

கிணற்றில் இரத்தம் இல்லை. மோட்டரைக் காலையில் போட்டுவிட்டு மறந்துபோகிறீர்கள். ஊற்று இறங்கி அடி மண் கலங்குகிறது. நான் இருந்தபோது நான்தான் போய் நிறுத்துவேன். இரண்டு நாள் இறைக்காமல் விடுங்கள், தெளியும்.

அகதி என்று எழுதியிருக்கிறீர்கள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து துரத்தப்பட்ட சனம் படகில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது பள்ளிவாசலில் சோறு ஆக்கிப்போட்டது நீங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். நான் சின்னவளாக இருக்கும்போது நூறு பேருக்கு ஆக்கினீர்கள். பெரியவளானபோது அது பத்தாயிரம் பேர் ஆகிவிட்டது. அந்தப் படகு ஒன்றில்தான் சுல்பா மாமியும் வந்தார். உங்கள் கையால் தின்ற ஆள் வந்து கேட்கும்போது அகதி என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது?

ரிஷாத் படகு இஞ்சின் திருத்துகிறார். குடிப்பதில்லை, தொழுகிறார், உழைக்கிறார். முசலிப் பக்கத்தில் அவர்களுடைய பழைய காணியில் வீடு கட்டி முடியப்போகிறது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் குடும்பமாகத் திரும்பிப் போகிறார்கள். நானும் அவர்களோடு போகவேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வேலைக்குப் போகும் மருந்துக் கடையில் இன்று கூட்டம். நின்று நின்று கால் வீங்கிவிட்டது. உண்மையான காரணத்தை எழுதுங்கள்.

நஸ்லியா

---

கற்பிட்டி
2024 நவம்பர் 29

அஸ்ஸலாமு அலைக்கும் மகள்.

நூஹு நபியுடைய காலத்துக்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் வந்ததில்லை. வந்திருந்தாலும் அது என் குசினி வரைக்கும் வந்திருக்காது. களப்பு ஒரு பக்கத்தால், மழை மறு பக்கத்தால். நடுவில் மேசை, மேசைமேல் கதிரை, கதிரைமேல் நான். பாத்திகள் எங்கே என்று கேட்காதே. மீன்கள் வெங்காயம் பிடுங்குகின்றன.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். தவளைகளைத்தான் பொறுக்கமுடியவில்லை. சோற்றுச் சட்டியில் ஒன்று, செருப்பில் ஒன்று, தொப்பிக்குள் ஒன்று. அஸர் தொழுகைக்குத் தக்பீர் கட்டித் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு சஃப் வரிசை முழுக்கத் தவளை. இந்த ஊரில் என்னை இமாமாக ஏற்றுக்கொண்ட முதல் ஜமாஅத் அதுதான். ருகூவுக்குக் குனிந்தால் அதுகளும் குனியுதுகள். ஸலாம் கொடுத்த பிறகு மட்டும் கலைந்து போகமாட்டேன் என்கிறதுகள்.

எழுதும்போது சிரிப்பு வருகிறது. இருக்கும்போது வரவில்லை. மகள், நான் சரியாகக் களைத்துவிட்டேன். நாலு நாளாக உலர்ந்த துணி இல்லை. அடுப்பு நனைந்துவிட்டது. குரூஸ் தோணியில் வந்து தின்னப் பாண் தருகிறான். தந்துவிட்டு அவன் போன பிறகு இந்தத் தண்ணீர் எழுப்புகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதன் தனியாகக் கதிரைமேல் இருக்கக்கூடாது.

நீ கேட்டதற்கு ஓம், சம்மதம். பொடியன் நல்லவன்தான். நாள் வையுங்கள். நான் வந்து சபையில் உட்காருகிறேன். அல்லாஹ் இந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்ளட்டும், நான் உன்னைக் கொடுத்துவிடுகிறேன்.

சாச்சா

---

புத்தளம்
2024 டிசம்பர் 8

சாச்சா,

கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு அழுதேன். பெரியும்மா பயந்து ஓடி வந்தா. அவவிடம் கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டு, ‘இந்த மனுசன் தவளயப் பத்தி ஒரு பக்கம் எழுதுறான், உன்னப் பத்தி ரெண்டு வரி’ என்றா. ஆனாலும் உடனே முக்காட்டைப் போட்டுக்கொண்டு சொந்தக்காரருக்குச் சொல்லப் போய்விட்டா.

ஜனவரி ஐந்து, ஞாயிற்றுக்கிழமை, பெரியும்மாவின் வீட்டில். பள்ளிவாசலிலும் சொல்லியாயிற்று. சுல்பா மாமி கலியாணச் சஹன் சாப்பாட்டுக்குச் சமையல் ஆள் பேசிவிட்டார்.

உங்கள் மோட்டர் தண்ணீரில் மூழ்கிவிட்டது என்று நிஸார் நானா சொன்னார். ரிஷாத்திடம் சொன்னேன். வியாழக்கிழமை வந்து பார்ப்பார். அவரோடு கதைக்கலாம்தானே. சத்தியம் என்னோடு மட்டும்தானே.

சாறன் உலர்ந்ததா? இருமல் மருந்து அனுப்புகிறேன். நல்ல சேர்ட் ஒன்று நான் வாங்கி வைத்திருக்கிறேன், நீங்கள் அந்த மஞ்சள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

இன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கப்போகிறேன்.

நஸ்லியா

---

கற்பிட்டி
2024 டிசம்பர் 20

அஸ்ஸலாமு அலைக்கும்.

களப்பைத் தன் எல்லைக்குத் திருப்பி அனுப்பியவனும், தவளைப் படையை ஒற்றைத் தும்புத்தடியால் புறங்கண்டவனுமான அத்தாஉல்லா எழுதுவது.

தண்ணீர் வற்றிவிட்டது. இப்போது இலையான், ஈக்களின் படையெடுப்பு. வெள்ளத்தில் அள்ளுண்டு வந்து அழுகிப்போன மீனுக்கு வந்த இலையான்கள், என் வீட்டைப் பார்த்ததும் இங்கேயே வாக்காளர் இடாப்பில் பெயர் பதிந்துவிட்டன. தேத்தண்ணீர் ஊற்றினால் முதல் மிடறு அதுகளுக்கு. ஆனால் கதிரை நிலத்தில் நிற்கிறது. அடுப்பு எரிகிறது. சாறன் உலர்ந்துவிட்டது.

பொடியன் வந்தான். மோட்டரைக் கழற்றினான், துடைத்தான், பூட்டினான். நன்றாகத் திருத்தினான். எனக்கு எரிச்சலே அதுதான். பிழையாகத் திருத்தியிருந்தால் எவ்வளவு லேசு.

மகள், கோபிக்காதே. நான் வரவில்லை.

கதிரைமேல் இருந்தவன் சொன்ன ஓம் அது. நான் சொன்னதல்ல, தண்ணீர் சொன்ன ஓம். முசலி எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? அங்கே யானைகள் வீட்டுக் கதவைத் தட்டிச் சீனி கேட்கின்றனவாம். மழை பெய்தால் பாதை போய்விடும். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது காய்ச்சல் தானாகவே மாறியிருக்கும், அல்லது ஆள் மாறியிருப்பார்.

நீ சொன்ன பிர்அவ்னைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். அவனுடைய கல்பை இறுக்கியது யார்? கோயிலில் வாசித்தார்களாம், ஆண்டவர்தான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்று. குரூஸ் சொன்னான். நம்முடையதிலும் மூஸா நபி துஆ கேட்கிறார், அவர்களுடைய கல்புகளை இறுக்கிவிடு என்று. அப்படியென்றால் பூட்டியவன் அவன், திறப்பும் அவனிடத்தில். வெறும் கதவு நான். என்னிடம் வந்து தட்டி என்ன பிரயோசனம்?

இப்படிக்கு,
பூட்டிய கதவு
சாச்சா

---

புத்தளம்
2024 டிசம்பர் 27

சாச்சா,

திங்கட்கிழமை கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை நானும் பெரியும்மாவும் வீடு வீடாகப் போய் ஜனவரி ஐந்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னோம். சிலர் ஏன் என்று கேட்டார்கள். கேட்காதவர்களின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

கடைசியாகச் சுல்பா மாமியிடம் போனேன். அவர் அடுப்படியில் இருந்தார். எழும்பவும் இல்லை.

‘பரவாயில்ல மகள். நாங்க சொந்த வீட்டுக்குத் திரும்பிப் போக முப்பது வருஷத்துக்கு மேல காத்திருந்த ஆக்கள். ஒரு மனிசன்ட மனசுக்காக இன்னும் கொஞ்சம் காத்திருக்க ஏலாதா.’

ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நீங்கள் குர்ஆனை வைத்து வாதாடுகிறீர்கள். நானும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வேதனை வரும்போதும் பிர்அவ்னின் ஆட்கள் மூஸா நபியிடம் ஓடி வருகிறார்கள். இதை நீக்கிவிடும், உம்முடைய ஆட்களை அனுப்பிவிடுகிறோம் என்கிறார்கள். நீக்கப்பட்டதும் வாக்கை முறிக்கிறார்கள். எத்தனை தடவை முறித்த பிறகு அந்த துஆ வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தவளையும் பேனும் அவனை இறுக்கவில்லை சாச்சா. தவளைகள் போனதும் ஒரு நிம்மதி வருமே, அதில்தான் அவன் இறுகினான். சாறன் உலர்ந்ததும் நீங்கள் இறுகியதுபோல.

அதனால் ஒன்று சொல்கிறேன். இனி நோவிலோ மழையிலோ நீங்கள் சொல்லும் ஓம் எனக்கு வேண்டாம். ஒரு குறையும் இல்லாத நாளில் சொல்லுங்கள், நம்புகிறேன். இல்லையென்றால் பெருநாள் கழிந்ததும் காதியாரிடம் போய், என் வலீ காரணம் இல்லாமல் மறுக்கிறார் என்று முறைப்பாடு கொடுப்பேன். அவர் உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார், பிறகு நீங்கள் இல்லாமலே நிக்காஹ் நடத்த அனுமதிப்பார். அதற்குச் சட்டம் இருக்கிறது. பல பேர் செய்திருக்கிறார்கள்.

ஒரு சபையில் நின்று உங்களைப் பற்றி முறையிட்டுவிட்டு, அதற்குப் பிறகு எந்த முகத்தோடு நான் உங்கள் வீட்டுப் படலையைத் திறப்பது?

களைப்பாக இருக்கிறது.

நஸ்லியா

---

கற்பிட்டி
2025 பெப்ரவரி 11

அஸ்ஸலாமு அலைக்கும் மகள்.

எழுத்து வேறாக இருக்கிறது என்று பயப்படாதே. ஊரெல்லாம் பரவுகிற, எலும்பு முறிக்கும் காய்ச்சல் எனக்கும் வந்துவிட்டது. விரல்கள் மடங்கவில்லை. நான் சொல்கிறேன், குரூஸ் எழுதுகிறான். அவன் தன் சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது என்று பேச்சு.

(சேர்க்கமாட்டேன். குரூஸ்.)

முதலில் புழு. வெங்காயத் தாளுக்குள் புகுந்து வெறும் குழலாக்கிவிட்டது. வயலுக்குப் போனால் பச்சைப் புல்லாங்குழல் கச்சேரி. பிறகு காய்ச்சல். என் உடம்பில் இருநூற்றுச் சொச்சம் எலும்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். பொய். நான் படுத்துக்கொண்டு எண்ணினேன், நாலாயிரம்.

(நிலத்தில் இருந்து எழும்ப இரண்டு பேர் பிடிக்கவேண்டும். குரூஸ்.)

பிறகு இருள். ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அதற்குக் காரணம் ஒரு குரங்காம். பிர்அவ்னின் நாட்டை இருட்டாக்க ஒரு நபி வரவேண்டியிருந்தது, எங்களுக்கு ஒரு குரங்கு போதும். விசிறி நின்றது. தொலைக்காட்சி நின்றது. எப்போதும் அதைப் போட்டு வைத்திருப்பேன், பார்ப்பதற்கல்ல. அது நின்றதும் வீடு எனக்குக் கேட்டது. நீ போனதில் இருந்து முதல் தடவை. ‘மகள், ஒரு தேத்தண்ணி’ என்று கூப்பிட்டுவிட்டேன். பூனை வந்தது.

(அழுகிறார். குரூஸ்.)

அழவில்லை. வெங்காயம்.

(வெங்காயத்தைத்தான் புழு தின்றுவிட்டதே. குரூஸ்.)

இவனை நம்பிக் கடிதம் எழுதக்கூடாது. மகள், ஓம். நான் எழும்பினதும் வந்து கொடுத்துவிடுகிறேன். இனி மாறமாட்டேன். இந்த நோவு என்னை விட்டுப் போகட்டும்.

சாச்சா
(சாட்சி: குரூஸ்)

---

புத்தளம்
2025 பெப்ரவரி 23

சாச்சா,

உங்களைப் பார்த்துவிட்டு நேற்று நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வலிக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடவேண்டும், மறக்கவேண்டாம். கஞ்சி அரிசியைத் தனியாகக் கட்டி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

நான் அங்கே இருந்த நாட்களை நினைத்தால் சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை. நான் உங்கள் தலைமாட்டில் இருக்கிறேன், நீங்கள் குரூஸ் மாமாவைப் பார்த்து, ‘குரூஸ், அவட்ட செல்லு, கஞ்சில உப்பில்ல’ என்கிறீர்கள். குரூஸ் மாமா என்னைப் பார்த்து, ‘மகள், கஞ்சில உப்பில்லயாம்’ என்கிறார். ‘காய்ச்சல்ல நாக்குக்கு ருசி தெரியாதுன்னு செல்லுங்க மாமா.’ ‘நானா, உங்கட நாக்குச் சரியில்லயாம்.’ பாவம் அந்த மனிதர், கருவாட்டைக் காகத்துக்குக் கொடுத்துவிட்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

கடைசி நாள் அவர் ஊடாகவே ஒரு கேள்வி கேட்டேன். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். குரூஸ் மாமா அதையும் எனக்கு மொழிபெயர்க்கப் பார்த்தார். வேண்டாம் மாமா, விளங்கிவிட்டது என்றேன்.

விளங்கிவிட்டது சாச்சா. முகாமும் இல்லை, யானையும் இல்லை. வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு என்னைத் தூக்கி வந்தீர்கள். சாச்சி மௌத்தான பிறகு நான் மட்டும்தான் மிச்சம். அந்தத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கண்டேன். அதைச் சொல்லுங்கள். அகதி என்று சொன்னால் என்னால் தாங்க முடியாது. தனியாக இருக்கப் பயம் என்று சொன்னால் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் இந்த ஓமை நான் எடுக்கமாட்டேன். நோவு போகட்டும்.

வாசலில் வைத்துக் குரூஸ் மாமா எனக்குப் பத்தாவது தண்டனையைச் சொன்னார். வீட்டின் மூத்த பிள்ளை போய்விடுவது. உங்களுக்கு மூத்ததும் இளையதும் நான்தான். நான் காதியாரிடம் போனால் அதுதான் நடக்கும். நான் உயிரோடு இருப்பேன், உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். அதை என் கையால் செய்ய வைக்காதீர்கள்.

பெருநாள் வரைக்கும் பார்க்கிறேன்.

நஸ்லியா

---

கற்பிட்டி
2025 மார்ச் 21

மகள்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று வெள்ளிக்கிழமை. விரல்கள் மடங்குகின்றன, நானே எழுதுகிறேன். காய்ச்சல் போய்க் கனநாள். அதிகாலை ஸுப்ஹுக்கு யாரும் பிடிக்காமல் எழும்பினேன். கிணறு தெளிந்துவிட்டது, இப்போது மோட்டரை நேரத்துக்கு நிறுத்துகிறேன். புழு தின்ற பாத்திகளைக் கொத்திவிட்டு இரண்டாம் தரம் நட்ட வெங்காயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. காற்று மாறிவிட்டது, இலையான் இல்லை. கரண்ட் இருக்கிறது. பள்ளிவாசலில் இருந்து நோன்புக் கஞ்சி வந்தது, உப்புச் சரியாக இருந்தது.

எங்கே தேடியும் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதைவிட நல்ல நாள் இந்த வருஷம் வருமா தெரியாது.

ஆகவே இன்று சொல்கிறேன். ஓம்.

ஜும்ஆ முடிந்ததும் இமாமிடமும் சொல்லிவிட்டேன், நாலு பேர் கேட்கச் சொன்னேன். இனித் திரும்ப வழி இல்லை. நான் என்னை அறிவேன்.

நீ எழுதியது சரி. தனியாக இருக்க எனக்குப் பயம். இவ்வளவுதான் அது. இதைச் சொல்ல ஒரு வெள்ளம், ஒரு காய்ச்சல், ஒரு குரங்கு, எல்லாம் தேவைப்பட்டது. அகதி என்று நான் எழுதிய சொல்லுக்குச் சுல்பாவிடம் நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன். அன்று அந்தப் படகில் அவர் வந்தது எனக்கு ஞாபகம் இல்லை. உண்மையில் நான் சோறு ஆக்கவும் இல்லை மகள், பெரிய ஆட்கள் ஆக்கினார்கள், நான் தட்டுத் தூக்கினேன்.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. பிர்அவ்னும் கடைசியில் நம்பிக்கை கொண்டேன் என்றான். தண்ணீர் வாய்வரைக்கும் வந்த பிறகு. அப்போது அவனிடம் கேட்கப்பட்டது, ‘இப்போதா?’ என்று. நீயும் அப்படிக் கேட்பாயா? நீ காதியாரிடம் ஏற்கெனவே போயிருந்தால் எழுது. நான் கோபிக்கமாட்டேன். எனக்குக் கோபிக்க உரிமை இல்லை.

அத்தாஉல்லா

---

புத்தளம்
2025 மார்ச் 24

சாச்சா,

காதியாரிடம் நான் போகவில்லை. ஒருநாள் அவருடைய வீட்டு ஒழுங்கை வரைக்கும் போனேன். பெரியும்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. திரும்பி வந்துவிட்டோம்.

உங்கள் கடிதத்தில் பட்டங்கள் இல்லாததைப் பார்த்து முதலில் பயந்துவிட்டேன். பிறகு கஞ்சியின் உப்பு வரைக்கும் வாசித்தேன். நீங்கள்தான் என்று தெரிந்தது.

இப்போதா என்று கேட்பது அல்லாஹ்வின் வேலை. எனக்கு அந்த வேலை வேண்டாம். இருக்கிற வேலையே போதும்.

ஏப்ரல் ஆறு, ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு. சேர்ட் அப்படியே இருக்கிறது. வாருங்கள்.

நஸ்லியா

---

கற்பிட்டி
2025 ஏப்ரல் 16

என் மகள் நஸ்லியாவுக்கு, முசலிக்கு.

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன்னோடு நான் இப்போது கதைக்கலாம். சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டாயிற்று. இந்தத் தடவை நானே ஆக்கினேன். பத்தாவது ஏழை கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தபோது குரூஸ் வந்து தட்டோடு உட்கார்ந்தான். ‘உனக்கு வாடியும் ரெண்டு தோணியும் இரிக்கிதே’ என்றேன். ‘உங்களுக்குப் பக்கத்தில குடியிருக்கிறனே நானா, இதவிட என்ன கஷ்டம் வேணும்’ என்றான். பிறகு ஒரு கிழவரைக் கண்டுபிடித்தோம். குரூஸும் தின்றான்.

தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், குரலைக் கேட்டால் நீ அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாய். வரக்கூடாது. முழுவதையும் வாசி.

சபையில் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு, என் நானாவின் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சொன்னபோது என் குரல் நடுங்கியதாக மர்ளியா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாளாம். புத்தளத்துக் காற்று அப்படி. நீங்கள் எல்லோரும் சாமான்களோடு லொறியில் போனதையும் நின்று பார்த்தேன். சுல்பா முன் ஆசனத்தில் இருந்து கையைக் காட்டினார். ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களின் முகத்தை நான் முன்பு கண்டதில்லை. வந்து இறங்கிய முகங்களைத்தான் கண்டிருந்தேன்.

பிறகு வீட்டுக்கு வந்தேன்.

மகள், பிர்அவ்ன் கதையில் எனக்கு ஒன்று எப்போதும் விளங்கியதே இல்லை. பத்துத் தண்டனையும் முடிந்து, போங்கள் என்று அவனே விட்டுவிட்டான். குரூஸின் வேதத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். விட்டவன் ஏன் பிறகு தேர்களைப் பூட்டிக்கொண்டு துரத்தினான்? வெறும் மடையன் என்று நினைத்திருந்தேன். அவர்கள் போன பிறகு அவனுடைய மாளிகை எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. காலையில் எழும்புகிறான். சத்தம் இல்லை. நேற்று வரைக்கும் யாரோ நடந்த இடத்தில் யாரும் நடக்கவில்லை. அவ்வளவு பெரிய ராஜாவுக்கே அது பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை நானும் புறப்பட்டேன். அறுநூறு தேர் என்னிடம் இல்லை. நீ விட்டுப்போன குடை, ஒரு பை கருவாடு, கொஞ்சம் வெங்காயம். குடையைக் கொடுக்கப் போகிறேன் என்று குரூஸிடம் சொன்னேன். அவன் வானத்தைப் பார்த்தான், ஒரு முகிலும் இல்லை. நிஸாரின் பஸ்ஸில் புத்தளம் போனேன். மன்னார் பஸ் நின்றது. உள்ளே நல்ல யன்னல் ஆசனம் ஒன்று வெறுமையாக இருந்தது. நான் போயிருந்தால் ஒரு கிழமை இருந்திருப்பேன். ஒரு கிழமை ஒரு மாதம் ஆகியிருக்கும். சாச்சாவைத் தனியாக விட முடியாது என்று நீ மருமகனிடம் கதைக்கத் தொடங்கியிருப்பாய். அவன் நல்ல பிள்ளை, ஓம் என்றிருப்பான். முப்பது வருஷத்துக்குப் பிறகு கட்டிய வீட்டைப் பூட்டிக்கொண்டு நீங்கள் என் பின்னால் வந்திருப்பீர்கள்.

கொண்டக்டர் பொடியன் என்னைப் பார்த்தான்.

‘ஏறுறீங்களா வாப்பா? எடுக்கப் போறம்.’

‘இல்ல மகன், நீங்க போங்க.’

பஸ் போய்விட்டது. கருவாட்டையும் வெங்காயத்தையும் மர்ளியாவிடம் கொடுத்துவிட்டேன், குடை என்னிடம் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் ஒரு றாத்தல் பாண் வாங்கினேன், பழக்கத்தில். ஒரு ஆளுக்கு அது அதிகம். பாதியை வெட்டிக் குரூஸுக்கு அனுப்பினேன்.

நீங்கள் இருவரும் அழைக்கும்போது வருகிறேன். அவசரப்பட்டு அழைக்கவேண்டாம்.

உன் சாச்சா
அத்தாஉல்லா